நீலமலை ரோடு: பேர் போட்டவங்களும் ரோடு போட்டவங்களும்

சிட்னிக்குப் படிக்க வர்ற நம்மாளுங்களுக்கு முதல் லாங் வீக்கெண்ட் புரோகிராம் ஒண்ணே ஒண்ணுதான். நாலு பேர் சேர்ந்து ஒரு வாடகைக் கார் எடுக்கணும், டப்பாவுல புளியோதரை கட்டிக்கணும், ப்ளூ மவுண்டன்ஸ் போகணும், கட்டூம்பாவுல 'த்ரீ சிஸ்டர்ஸ்' பாறை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு சாயங்காலமே திரும்பிடணும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இந்த ரெண்டு வருஷத்துல ஏழெட்டு தடவை போயாச்சு. அந்தப் பாறையைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, அதனால அதை விட்டுடறேன். இந்தப் பதிவு அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போற ரோட்டைப் பத்தி.

கிரேட் வெஸ்டர்ன் ஹைவே. சிட்னியில இருந்து மேற்கே போனா 55, 60 கிலோமீட்டர்ல நேப்பியன் ஆறு வரும். அதைத் தாண்டி எமு பிளெயின்ஸ், அங்கேயிருந்து ஏத்தம். கட்டூம்பா போறதுக்குள்ள 1000 மீட்டர் உயரம் ஏறிடுவோம். கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது. மேட்டுப்பாளையத்துல பொறந்து, குன்னூர் ரோட்டுல பஸ்ஸுல வாந்தி எடுத்தே வளர்ந்த எனக்கு இது ஒரு மலை ரோடுன்னே முதல்ல தோணல :-) நீலகிரின்னாலும் ப்ளூ மவுண்டன்ஸ்னாலும் அர்த்தம் ஒண்ணுதான். போதாக்குறைக்கு ஊட்டி முழுக்க நிக்கிற யூகலிப்டஸ் மரமும் இங்கேயிருந்து வந்ததுதான், 1840களில் கொண்டுபோய் நட்டது. வாசனையே ஊரை ஞாபகப்படுத்தும்.

ரோட்டோரத்துல ஊர்ப் பலகைகளைப் படிச்சுக்கிட்டே போனா ஒரு வரிசை தெரியும். பிளாக்ஸ்லாண்ட். கொஞ்ச தூரம் போனா லாசன். அப்புறம் வென்ட்வொர்த் ஃபால்ஸ். மூணும் மூணு ஆளுங்க பேரு. கிரிகோரி பிளாக்ஸ்லாண்ட், வில்லியம் லாசன், வில்லியம் சார்லஸ் வென்ட்வொர்த். 1813ல இந்த மலையை 'முதன்முதலா கடந்தவங்க'ன்னு இங்கே சின்னப் பசங்க ஸ்கூல்ல படிக்கிற கதை. நம்ம ஊர்ல வாஸ்கோடகாமா இந்தியாவைக் 'கண்டுபிடிச்ச' கதை மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

இந்த ரோட்டை யாருக்குத் தெரிஞ்சிருந்தது, யார் வெட்டினாங்க, எதுக்காக வெட்டினாங்கன்னு நோண்டிப் பார்த்தா, மூணுக்கும் பதில் அந்தப் பலகைகள்ல இல்லை. நாம டீ குடிக்கவும் டாய்லெட் போகவும் நிறுத்துற எடங்கள்ல இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய பதிவு.

சுவரா நின்ன மலை

1788 ஜனவரியில பிரிட்டிஷ்காரன் சிட்னியில கைதிகளை இறக்கி காலனி ஆரம்பிச்சான். அடுத்த 25 வருஷம் மேற்கே இந்த மலையைத் தாண்ட அவனால முடியலை. முயற்சி பண்ணாதவன் இல்லை. டாஸ், பேட்டர்சன், பாஸ், பாரலியர், கேலின்னு ஒவ்வொருத்தனா போய்த் திரும்பி வந்தான்.

ஏன் முடியலைன்னா, அவங்க ஐரோப்பாவுல பழகின மாதிரி ஆத்தைப் பிடிச்சுக்கிட்டு பள்ளத்தாக்கு வழியா மேல போகப் பார்த்தாங்க. நம்ம ஊர் மலையிலயும் அப்படித்தானே போவோம்? இங்கே மலையோட அமைப்பே வேற. உண்மையில இது மலைத்தொடரே கிடையாது. மணற்கல்லால ஆன ஒரு பெரிய மேட்டுநிலம், அதைத் தண்ணி அறுத்து அறுத்து பள்ளம் பண்ணி வெச்சிருக்கு. பள்ளத்துல போனா கடைசியில செங்குத்தா ஒரு பாறைச் சுவர்ல போய் முட்டி நிப்பீங்க. மேல இருக்கிற முகடு வழியா போனாத்தான் வழி உண்டு. ஹைவேயில கொண்டை ஊசி வளைவு இல்லாததுக்கும் அதுதான் காரணம். நாம ஏறி இறங்குறது இல்லை, ஒரு முதுகெலும்பு மேலயே ஓட்டிக்கிட்டு போறோம். அதனாலதான் ஊரெல்லாம் கயித்துல கோத்த மணி மாதிரி வரிசையா இருக்கு. ரயிலும் அதே முகட்டுலதான் பக்கத்துலயே ஓடுது.

இந்தச் சுவரால அரசாங்கத்துக்கு ஒரு லாபமும் இருந்துச்சு. கைதி தப்பிச்சுப் போக எடமில்லை. ஆனாலும் ஆசை யாரை விட்டுச்சு. நிலத்துலயே நடந்து போனா சீனா வந்துடும்னு கைதிகள் நடுவுல ஒரு பேச்சு ஓடியிருக்கு. 1791ல ஐரிஷ் கைதிகள் ஒரு கூட்டமா அப்படி நம்பிக் கிளம்பியே போயிட்டாங்க. கேட்டா சிரிப்பு வரும். கொஞ்சம் யோசிச்சா வராது.

1813 வாக்குல வறட்சி. கடலுக்கும் மலைக்கும் நடுவுல இருந்த நிலத்துல மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல் பத்தலை. மேற்கே மேய்ச்சல் நிலம் கிடைச்சே ஆகணும்ங்கிற நிலைமை. 1813 மே 11 அன்னிக்கு பிளாக்ஸ்லாண்ட், லாசன், வென்ட்வொர்த் மூணு பேரும் கிளம்பினாங்க. கூட நாலு வேலைக்காரங்க, நாலு குதிரை, அஞ்சு நாய். பள்ளத்தை விட்டுட்டு முகட்டைப் பிடிச்சாங்க. மே கடைசியில மவுண்ட் யார்க் விளிம்புல நின்னு கீழே புல்வெளியைப் பார்த்தாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துட்டு திரும்பிட்டாங்க. பரிசு ஆளுக்கு 1000 ஏக்கர். கூடப் போன நாலு பேரைக் கதை அங்கேயே இறக்கி விட்டுடுது.

முழுசா மறுபக்கம் இறங்கி, இப்ப பாத்தர்ஸ்ட் ஊர் இருக்கிற சமவெளி வரைக்கும் போய் அளந்துட்டு வந்தவர் ஜார்ஜ் எவன்ஸ்ங்கிற சர்வேயர், அதே வருஷக் கடைசியில. அவர் பேரு ஹைவேயில அவ்வளவா தெரியாது.

கல்லுக் குவியல்

அந்த மூணு பேரும் போற வழியில, இன்னிக்கு லிண்டன்னு சொல்ற எடத்துக்கிட்ட, ஒரு கல்லுக் குவியலைப் பார்த்தாங்க. யாரோ அடுக்கி வெச்சது. உடனே பிளாக்ஸ்லாண்ட் எழுதினது என்னன்னா, இது முன்னாடி வந்த பாஸ் வெச்சதா இருக்கும்னு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வழியா வந்த கவர்னர் மக்வாரி, இது கேலி வெச்சதுன்னு முடிவு பண்ணி 'கேலிஸ் ரிபல்ஸ்'னு பேரே வெச்சுட்டார், கேலி தோத்துத் திரும்பின எடம்னு அர்த்தம். ஆனா கேலி 1804ல போனது வடக்கே வேற பாதை. இந்தப் பக்கமே அவர் வரலை.

அப்ப யார் அடுக்கினது? இந்த மலைக்குச் சொந்தக்காரங்க தரூக், குண்டுங்குரா மக்கள். ஆயிரக்கணக்கான வருஷமா மலைக்கு ரெண்டு பக்கமும் போய் வந்துக்கிட்டு இருந்தவங்க. அந்தக் குவியல் அவங்க வெச்சதா இருக்கலாம்னு இன்னிக்கு ஆராய்ச்சியாளர்கள்ல சிலர் சொல்றாங்க. அது தீர்ந்த வழக்கு இல்லை. எனக்கு உறுத்துறது வேற. ஒரு வெள்ளைக்காரன், அவனுக்கு அடுத்து இன்னொரு வெள்ளைக்காரன், ரெண்டு பேரும் தங்களுக்குத் தெரிஞ்ச வெள்ளைக்காரன் பேரைத்தான் யோசிச்சாங்க. அங்கேயே வாழ்ந்துக்கிட்டு இருந்தவன் ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லு மேல வெச்சிருப்பான்னு தோணவே இல்லை.

இன்னொரு சாட்சி, வடக்குப் பக்கமா மலையைக் கடக்கிற ரெண்டாவது ரோடு, 'பெல்ஸ் லைன் ஆஃப் ரோடு'. ஆர்ச்சிபால்ட் பெல்னு 19 வயசுப் பையன் 1823ல 'கண்டுபிடிச்ச' வழி. அவனுக்கு அந்த வழியைக் காட்டினது தரூக் ஆளுங்கதான். அதாவது வழி இருந்துச்சு, தெரிஞ்சவங்க இருந்தாங்க, கேட்டாச் சொல்லவும் செஞ்சாங்க. கேக்கிறதுக்குத்தான் 35 வருஷம் ஆச்சு.

30 பேர், 180 நாள்

இப்ப ரோட்டுக்கு வருவோம். 1814ல மக்வாரி ஒரு ரோடு வேணும்னு முடிவு பண்ணி, விண்ட்சர் ஊர் மாஜிஸ்ட்ரேட் வில்லியம் காக்ஸ் கிட்ட வேலையை ஒப்படைச்சார். குறைஞ்சது 12 அடி அகலம், ரெண்டு வண்டி எதிரெதிரே போகணும். ஆட்கள் 30 கைதிகள். காவலுக்கு 8 சிப்பாய்கள். வேலையை ஒழுங்கா முடிச்சா தண்டனையில இருந்து விடுதலைன்னு பேச்சு.

1814 ஜூலை 18 அன்னிக்கு எமு பிளெயின்ஸ் பக்கம் ஆத்தங்கரையில ஆரம்பிச்சாங்க. ஜூலைன்னா இங்கே நடுக் குளிர்காலம், ஞாபகம் வெச்சுக்குங்க. கட்டூம்பா பக்கம் பனிகூட விழும். 1815 ஜனவரி 14 அன்னிக்கு பாத்தர்ஸ்ட் சமவெளியில முடிச்சுட்டாங்க. 101 மைல் சொச்சம், அதாவது சுமார் 163 கிலோமீட்டர். நடுவுல பத்துப் பன்னிரண்டு பாலம் வேற. கணக்குப் போட்டேன். 180 நாள், நாளைக்குச் சராசரி 900 மீட்டர். கோடாலி, கடப்பாரை, மண்வெட்டி, பாறைக்கு வெடிமருந்து. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, பாறையை உடைச்சு, பள்ளத்தை ரொப்பி, நாளைக்கு 900 மீட்டர், 30 பேர்.

சொன்னபடி அவங்களுக்கு விடுதலையோ தண்டனைச் சலுகையோ கிடைச்சது. காக்ஸுக்கு 2000 ஏக்கர் நிலம் கிடைச்சது. மக்வாரி 1815 ஏப்ரல் 25 அன்னிக்கு பாராமட்டாவுல இருந்து மனைவியோட கிளம்பி புது ரோட்டுல வந்து, மே 7 அன்னிக்கு பாத்தர்ஸ்ட்னு ஒரு ஊரை அறிவிச்சார். வழியில நல்ல ஊத்துத் தண்ணி கிடைச்ச எடத்துல கூடாரம் போட்டார், அதுக்கு ஸ்பிரிங்வுட்னு பேர் வெச்சார். இன்னிக்கு அந்த ஊர்ல சூப்பர்மார்க்கெட் எல்லாம் இருக்கு. அந்த ரோட்டுல முதல்ல யார் வேணா போக முடியாது, கவர்னர் கையெழுத்துப் போட்ட பாஸ் வேணும். வெட்டின கைதி திரும்ப அந்த வழியா நடக்கணும்னாலும் பாஸ்தான்.

நிறுத்துற எடமெல்லாம் அவங்க எடம்

இப்ப ஹைவேயில கிழக்கே இருந்து ஒவ்வொரு ஸ்டாப்பா வாங்க.

ஏத்தம் ஆரம்பிச்சதும் ஹைவேயை விட்டு கொஞ்சம் உள்ளே, 'மிட்செல்ஸ் பாஸ்'னு பழைய ரோட்டுல லெனாக்ஸ் பாலம் இருக்கு. 1833ல கட்டினது. ஆஸ்திரேலியப் பெருநிலத்துல இன்னும் நிக்கிற கல் வளைவுப் பாலங்கள்ல இதுதான் பழசு. டேவிட் லெனாக்ஸ் ஸ்காட்லாந்துல இருந்து வந்த கல் மேஸ்திரி. சிட்னி மக்வாரி ஸ்ட்ரீட்ல சுவர் வேலை பார்த்துக்கிட்டு இருந்தவரை சர்வேயர் ஜெனரல் தாமஸ் மிட்செல் பார்த்து, பாலம் கட்ட வான்னு கையோட கூட்டிட்டுப் போயிட்டார். அவருக்குக் கீழே கல் செதுக்கினது சுமார் 20 கைதிகள். பாலத்துல ஒரு பக்கம் வருஷம், ஒரு பக்கம் லெனாக்ஸ் பேரு. மேஸ்திரி பேராவது இருக்கேன்னு எனக்கு ஒரு திருப்தி.

அப்புறம் லிண்டன், உட்ஃபர்ட் நடுவுல 'புல்ஸ் கேம்ப்'. ரோட்டோரமா மரநிழல், பெஞ்ச், டாய்லெட். லாங் டிரைவ் போறவங்க, கேரவன் வெச்சிருக்கிறவங்க காலை நீட்டிக்க நிறுத்துற எடம். நாங்களும் அங்கேதான் புளியோதரை டப்பாவைத் திறப்போம். புல்னா காளைமாடுன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தான் கூட வர்ற பையன் ஒருத்தன். புல்ங்கிறது ஒரு கேப்டன் பேரு. 1840களில் இந்த ரோட்டைச் செப்பனிட வெச்சிருந்த கைதிகளோட முகாம் இது, கேப்டன் ஜான் புல் அதுக்கு அதிகாரி. இங்கிலாந்துல இருந்து புதுசா கைதி அனுப்புறது 1840ல நியூ சவுத் வேல்ஸுக்கு நின்னு போச்சு. ஆனா ஏற்கெனவே வந்தவங்க தண்டனை முடியணுமே? அவங்களை வெச்சுத்தான் வேலை. அந்தக் காலத்து ரோட்டுக் கைதிகள்ல பலருக்கு கால்ல இரும்பு விலங்கு. ராத்திரி சில முகாம்கள்ல சக்கரம் வெச்ச மரப்பெட்டிக்குள்ள பூட்டி வெப்பாங்க, வேலை நகர நகர பெட்டியும் நகரும். அதே ரோட்டுல இன்னிக்கு மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ் எல்லாம் வெச்ச கேரவன் போகுது.

அடுத்தது ஊர்ப் பேர் சமாச்சாரம். வென்ட்வொர்த் ஃபால்ஸோட பழைய பேரு 'வெதர்போர்ட்'. அதாவது பலகைக் குடிசை. 1814ல காக்ஸோட ஆளுங்க சாமான் வைக்க அங்கே ஒரு பலகைக் கொட்டகை போட்டாங்க, அதுவே ஊர் பேராச்சு. லாசனோட பழைய பேரு 'ப்ளூ மவுண்டன்', அங்கே இருந்த சத்திரத்து பேரு. பிளாக்ஸ்லாண்ட் 'வாஸ்கோஸ்', அதுவும் சத்திரம் நடத்தினவர் பேரு. கட்டூம்பாவுக்கு 'த க்ரஷர்ஸ்'னு பேரு, ரயில்வேக்கு ஜல்லி உடைச்ச எடம்ங்கிறதால. ஆக, அந்த மலை மேல முதல்ல விழுந்த பேரெல்லாம் கொட்டகை, சத்திரம், ஜல்லி மிஷின். வேலை செஞ்சவன், வழியில தங்கினவன் வாயில தானா வந்த பேரு.

1877ல க்ரஷர்ஸ் கட்டூம்பா ஆச்சு. அது குண்டுங்குரா வார்த்தை, மின்னிக்கிட்டு விழுற தண்ணின்னு அர்த்தம் சொல்றாங்க. 1879ல மத்த மூணுக்கும் பிளாக்ஸ்லாண்ட், லாசன், வென்ட்வொர்த் பேரை வெச்சாங்க. மூணு பேரு ஒரே வருஷத்துல, அவங்க நடந்து 66 வருஷம் கழிச்சு. பலகையைப் பார்த்தா ஆதியில இருந்தே அப்படித்தான் இருந்த மாதிரி தோணும். ஒரு ஊருக்கு நாம வெக்கிற பேரு, அந்த ஊர் எதை ஞாபகம் வெச்சுக்கணும்னு நாம எடுக்கிற முடிவு. அந்த முடிவு எடுத்த வருஷம் 1879.

பிளாக்ஹீத் தாண்டி மவுண்ட் விக்டோரியா. அங்கேயிருந்து ஒரு சின்ன ரோட்டுல திரும்பினா மவுண்ட் யார்க். மூணு பேர் நினைவா ஒரு தூண் நிக்குது. அதைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. பக்கத்துலயே காக்ஸ் ரோட்டோட இறக்கம் நடைபாதையா இருக்கு. கொஞ்சம் இறங்கிப் பாருங்க, பாறையில உளியும் கடப்பாரையும் பட்ட தடம் தெரியும். இறக்கம் அவ்வளவு செங்குத்து. வண்டி பிச்சுக்கிட்டு ஓடாம இருக்க மரத்தை வெட்டி வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டு இறங்குவாங்களாம். மனுஷன் கண்டுபிடிச்ச முதல் ஹேண்ட் பிரேக் :-) இதுக்கு மாத்தா 1820களில் அதே மலையில இன்னும் ரெண்டு பாதை போட்டுப் பார்த்தாங்க, லாசன்ஸ் லாங் ஆலி, லாக்யர்ஸ் ரோடுன்னு. மூணு தலைமுறை ரோட்டையும் ஒரே மத்தியானத்துல நடந்துடலாம்.

கடைசியா மிட்செல் போட்ட விக்டோரியா பாஸ். 1832 அக்டோபர் 23 அன்னிக்கு கவர்னர் பர்க் திறந்து வெச்சார். ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல ரொம்பக் குறுகலான முகடு. அதுக்கு ரெண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பி, நடுவுல ரொப்பி, மேல ரோடு. எல்லாம் கைதி வேலை, நிறையப் பேர் விலங்கோட. மாட்டு வண்டிக்குன்னு கட்டின அந்தச் சுவர் மேல 20ஆம் நூற்றாண்டு முழுக்க லாரி ஓடிச்சு.

இந்த இடத்துல எங்க அப்பாரைப் பத்தி ஒரு வார்த்தை

எங்க அப்பாரு, அப்பாவோட அப்பா, கோத்தகிரி ரோட்டுல ரோட்டு வேலை பார்த்தவர். அந்த ரோட்டோட முதல் வடிவம் 1820களில் வந்தது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முயற்சியில, சிறுமுகையில இருந்து கோத்தகிரி பக்கம் திம்பட்டி வரைக்கும் போட்டாங்க. அதுக்கு முன்னாடியே படுகர், தோடர், கோத்தர்னு மலை பூரா ஆளுங்க, அவங்கவங்க பாதை. நம்ம ஸ்கூல் புத்தகத்துலயும் நீலகிரியை சல்லிவன்தான் 'கண்டுபிடிச்சார்'.

அப்பாருகூட பஸ்ல போனா ஜன்னலோரம் உக்கார வெச்சு ஒவ்வொரு கல்கட்டா காட்டுவார். "இது நாங்க கட்டுனது, எந்த மழைக்கும் அசையாது கண்ணு" அப்படிம்பார். அந்தச் சுவர்ல பேரெல்லாம் எதுவும் கிடையாது. பொதுப்பணின்னு ஒரு மைல்கல் இருந்தாலே பெரிசு. விக்டோரியா பாஸ் சுவரைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்தப்ப எனக்கு மிட்செலும் தோணலை, பர்க்கும் தோணலை. யாரோ ஒருத்தன் விடுதலை ஆகி, வயசாகி, பேரனைக் கூட்டிட்டு வண்டியில இந்த வழியா போயிருப்பானா, இது நாங்க கட்டினதுன்னு சொல்லியிருப்பானா, இல்லை கைதியா இருந்ததை வெளிய சொல்ல வெக்கப்பட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பானான்னுதான் தோணுச்சு.

இது ஆஸ்திரேலியாக் கதை மட்டும் இல்லை. விக்டோரியா பாஸ் திறந்த அதே 1832லதான் இலங்கையில கண்டி ரோட்டுல கடுகண்ணாவையில டாசன் கோபுரம் எழும்புச்சு. ரோடு போட்ட இன்ஜினியருக்குக் கோபுரம். ராஜகாரியங்கிற கட்டாய வேலையில மலையை வெட்டின சிங்களக் குடியானவனுக்கு அந்த மலையில ஒரு கல்லும் இல்லை. இங்கிலாந்துக் கைதி ஆஸ்திரேலியாவுக்குப் போன மாதிரி, மெட்ராஸ் ராஜதானிக் கைதி சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போனான். சிங்கப்பூர்ல ரோடு, பாலம், அப்புறம் 1861ல முடிஞ்ச செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் எல்லாம் இந்தியக் கைதிகள் உழைப்பு. அவங்கள்ல தமிழன் நிறைய உண்டு.

மெல்பர்ன்ல இருக்கிற நண்பர்கள் கிரேட் ஓஷன் ரோடு பத்திச் சொல்வாங்க. சரிதான், அது வேற மாதிரி. 1919ல இருந்து 1932 வரைக்கும், முதல் உலகப் போர்ல இருந்து திரும்பின சுமார் 3000 சிப்பாய்கள் போட்ட ரோடு. செத்துப்போன கூட்டாளிகளுக்கு நினைவுச் சின்னமா அந்த ரோடே. மேல வளைவு, சிலை எல்லாம் உண்டு. போட்டவன் சிப்பாய்னா வளைவு, கைதின்னா ஒண்ணும் இல்லை.

ரோடு எதைக் கொண்டு போச்சு

இதோட முடிச்சிருந்தா இது பாவப்பட்ட கைதி கதையா முடிஞ்சிருக்கும். ஆனா அந்த ரோடு ஒரு எடத்துக்குப் போய்ச் சேருதே. பாத்தர்ஸ்ட் விராஜுரி மக்களோட நாடு. முதல் சில வருஷம் அங்கே வெள்ளைக்காரங்க கொஞ்சம் பேர்தான். 1821க்கு அப்புறம் புது கவர்னர் பிரிஸ்பேன் நிலத்தைத் தாராளமா கொடுக்க ஆரம்பிச்சதும் ஆடும் மாடும் அந்த 12 அடி ரோட்டு வழியா வெள்ளமா இறங்குச்சு. விராஜுரி மக்கள் தோண்டித் தின்ன கிழங்கை ஆடு மேஞ்சுது, தண்ணிக் கரையெல்லாம் வேலி ஆச்சு. சண்டை மூண்டது. அவங்க தலைவர்கள்ல பேர் தெரிஞ்சவர் விண்ட்ரடைன்.

1824 ஆகஸ்ட் 14 அன்னிக்கு மலைக்கு மேற்கே ராணுவச் சட்டம் அறிவிச்சாங்க. டிசம்பர் 11 வரைக்கும் நாலு மாசம். எத்தனை பேரைக் கொன்னாங்கன்னு யாரும் கணக்கு வெக்கலை, பொம்பளைங்க குழந்தைங்களும் அதுல உண்டு. விண்ட்ரடைன் தலைக்கு அரசாங்கம் வெச்ச விலை 500 ஏக்கர். மலையைக் கடந்தவனுக்கு 1000 ஏக்கர், மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவனைப் பிடிச்சுக் கொடுத்தா 500 ஏக்கர்.

யாரும் பிடிச்சுக் கொடுக்கலை. 1824 டிசம்பர் கடைசியில அவரே தன் மக்களைக் கூட்டிக்கிட்டு இந்த மலையைக் கடந்து நடந்தே பாராமட்டாவுக்கு வந்தார். அங்கே கவர்னர் வருஷா வருஷம் பழங்குடிகளுக்கு விருந்து வைப்பார். தலையில ஒரு தொப்பி, அதுல 'சமாதானம்'னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சாம். 1829ல செத்துப் போனார். பாத்தர்ஸ்ட் பக்கத்துல அவர் சமாதி இருக்கு.

ஆக, 30 பேர் தங்களோட விடுதலைக்காக வெட்டின ரோடு, மறுமுனையில இருந்தவங்களோட நிலத்தைக் கொண்டுபோச்சு. வெட்டினவன் மேல எனக்குக் கோபம் வரலை, அவனுக்கு அதுதான் ஒரே கதவு. ஆனா ரெண்டையும் சேர்த்துத்தான் ஞாபகம் வெச்சுக்கணும்னு நினைக்கிறேன். நாளைக்கு பி.ஆர். வாங்கி, வீடு வாங்கி இங்கேயே இருக்கப் போறவங்க நம்மள்ல நிறையப் பேர். அந்த நிலம் எப்படி வந்துச்சுன்னு தெரியாம இருக்கலாம், தெரிஞ்சுக்கிட்டு இருக்கலாம். தெரிஞ்சுக்கிட்டு இருக்கிறது கொஞ்சம் மரியாதை.

மிச்சக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1851ல பாத்தர்ஸ்ட் பக்கம் தங்கம் கிடைச்சது, ஊரே அந்த ரோட்டுல நடந்துச்சு. 1860களில் ரயில் மேல ஏறினதும் சத்திரமெல்லாம் படுத்துருச்சு. 20ஆம் நூற்றாண்டுல கார் வந்து ரோடு மறுபடி உயிர் பெத்துச்சு, 1928ல கிரேட் வெஸ்டர்ன் ஹைவேன்னு பேர். நடந்தவன், வண்டிக்காரன், ரயில், கார்னு எல்லாரும் அதே முகடு, அதே வழி.

போறவங்களுக்கு

1. காலையில சீக்கிரம் கிளம்புங்க. லெனாக்ஸ் பாலத்துக்கு இருபது நிமிஷம் போதும்.

2. டெண்ட் போடணும்னா க்ளென்புரூக் பக்கம் யுரோக்கா நல்ல எடம், விடியக்காலையில கங்காரு டெண்டுக்குப் பக்கத்துலயே மேயும். இன்னும் மேல பிளாக்ஹீத் பக்கம் பெர்ரிஸ் லுக்டவுன், சின்ன எடம், பள்ளத்தாக்கு காலுக்குக் கீழே. முன்பதிவு விதியும் காட்டுத்தீ எச்சரிக்கையும் மாறிக்கிட்டே இருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்குங்க. டிசம்பர், ஜனவரியில தீ தடை இருந்தா அடுப்பு பத்த வைக்காதீங்க, புளியோதரையே போதும்.

3. சாப்பாட்டுக்கு புல்ஸ் கேம்ப். குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வாங்க.

4. மவுண்ட் யார்க்ல தூணுக்கு அஞ்சு நிமிஷம், இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. நல்ல ஷூ வேணும்.

5. மலைக்கு மேற்கே இறங்குறப்ப சின்ன கியர்ல இறங்குங்க. எந்த ரோடு திறந்திருக்குன்னு முன்னாடியே பார்த்துக்குங்க. இறங்கினா ஹார்ட்லி வரும், அங்கே 1837ல கட்டின கோர்ட் கட்டடம் இருக்கு. ஓடிப்போன கைதிகளை நிறுத்தி விசாரிச்ச எடம்.

6. முடிஞ்சா ஒரு ராத்திரி தங்கி பாத்தர்ஸ்ட் வரைக்கும் போங்க. பெரும்பாலானவங்க கட்டூம்பாவோட திரும்பிடறாங்க. ரோடு அங்கே முடியலை.

கூட சின்னப் பசங்க வந்தா, பிளாக்ஸ்லாண்ட் பலகை வர்றப்ப அந்த மூணு பேர் கதையைச் சொல்லுங்க, தப்பில்லை. புல்ஸ் கேம்ப் வர்றப்ப 30 பேர் கதையையும், பாத்தர்ஸ்ட்ல இறங்குறப்ப விண்ட்ரடைன் கதையையும் சேர்த்துச் சொல்லிடுங்க. 200 கிலோமீட்டர், மூணு கதைக்கும் நேரம் தாராளமா இருக்கு.